பருப்பை ஆராய்ந்த பேராசிரியர்

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும் இந்தக் காலை நேரத்தில் பேராசிரியர் கமலா சோஹோனியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1911-இல் பிறந்த அவர், மும்பையில் உயிர்வேதியியல் கற்பித்தவர். ஏழை வீட்டுச் சாப்பாட்டில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராய்ந்தவர்.

1933-இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் நம் சர் சி. வி. ராமன். பெண் என்பதாலேயே இடமில்லை என்றார். கமலா விடவில்லை, நேரில் போய் வாதாடினார். ஓராண்டுக்கு, அதுவும் நிபந்தனைகளோடு, இடம் கிடைத்தது. ராமனைப் போற்றும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓராண்டு வேலையைப் பார்த்தபின் அவரே கமலாவை முறைப்படி சேர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு கமலா கேம்பிரிட்ஜ் சென்று, 1939-இல் முனைவர் பட்டத்தோடு நாடு திரும்பினார். கொஞ்ச காலம் டெல்லி. அதன்பின் நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் உதவி இயக்குநர். 1947-இல் மணமாகி மும்பைக்குப் போனார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: பருப்பிலும் பயறிலும் புரதம் இருக்கிறது, சரி. தின்றவர் உடம்பில் அது சேருகிறதா? நம் குடலில் டிரிப்சின் என்ற நொதி புரதத்தை உடைத்தால்தான் அது உடம்புக்குப் பயன்படும். சில பயறுகளில் அந்த நொதியையே வேலை செய்ய விடாமல் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. டபுள் பீன்ஸ் போன்றவற்றில் அதை கமலாவும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். நன்றாக வேகவைத்தால் அதன் வீரியம் பெரும்பாலும் போய்விடும். அரைவேக்காடாக இறக்கினால் உள்ளே இருக்கும் புரதத்தில் ஒரு பகுதி வீண். முட்டையும் இறைச்சியும் வாங்க வழியில்லாத குடும்பத்துக்கு அது சின்ன இழப்பா?

அப்போதைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் யோசனை சொல்ல, கமலா நீராவையும் ஆராய்ந்தார். பனை போன்ற மரங்களின் பாளையைச் சீவி இறக்கும் புளிக்காத சாறு அது. விடியும் முன்பே இறக்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் புளித்துக் கள்ளாகிவிடும். அதில் வைட்டமின்களும் இரும்புச் சத்தும் இருப்பதைக் கண்டார். ஊட்டமின்றி வாடிய பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தபோது உடல்நலம் தேறியது. இந்த ஆய்வுக்குக் குடியரசுத் தலைவர் விருதும் கிடைத்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கேட்டு நீராவைத் தேடிப் போக வேண்டாம். அதில் சர்க்கரை அதிகம். சத்துக்குறைவால் வாடியவர்களுக்காக அவர் ஆராய்ந்த பானம் அது.

பனை நிறைந்த நம் தென்மாவட்டப் பள்ளிகளிலாவது ஆசிரியர்கள் கமலா சோஹோனியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பயறு முளைகட்டிக் காட்டும் அறிவியல் வகுப்பிலேயே சொல்லலாமே.