ஆரம்பக் கல்வியும் பெற்றோர் கடனும்

விஜயதசமி நாளிலே எமது நாட்டுச் சைவக் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். தட்டிலே பச்சையரிசியைப் பரப்பி, விநாயகக் கடவுளையும் சரஸ்வதி தேவியையும் வழிபட்டு, குருவானவராயினும் தந்தையாராயினும் குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைத் தங் கையாற் பிடித்து, அவ்வரிசியின்மேல் அகரம் முதலிய எழுத்துக்களை எழுதுவிக்கின்றனர். அன்று எழுதிய விரல் குழந்தையினுடையது. எழுதிய வலிமையோ பெரியவருடையது. தொடக்க நாளில் அது தக்கதே. ஆயின், பிடித்த கை விடப்படாதாயின் அக்குழந்தை எக்காலத்திலே தானாக எழுதும்? பிடியாமலே விடப்படுமாயின் எவ்வாறு தொடங்கும்? பிள்ளையின் கல்வியிலே பெற்றோர் கை எவ்வளவிற் பற்றற்பாலது, எவ்விடத்து நெகிழற்பாலது என்னும் இவ்வினா சிறியதன்று. சைவப் பாடசாலைகளிற் கற்பிக்கும் நாம் அதனை ஆராய்தல் அவசியம்.

இக்காலத்துப் பெற்றோரை நோக்குமிடத்து இரு திறத்தாரைக் காண்கின்றோம். ஒரு திறத்தார், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்த்த அன்றே தங் கடன் தீர்ந்ததென்று எண்ணுவோர். ஒரு நாளுக்கு 24 மணி நேரம். அதனுள்ளே பாடசாலைக்கு உரியது காலை 7.30 தொடக்கம் பிற்பகல் 1.30 வரையுள்ள 6 மணி நேரம். கீழ் வகுப்புக்களுக்கு அதனினுங் குறைவு. எஞ்சிய 18 மணி நேரமும் வீட்டினுடையது. அவ்வளவையும் கணக்கில் வையாது, பிள்ளை கல்லாமைக்கு ஆசிரியர் ஒருவரையே காரணமாக்குதல் நீதியன்று.

மற்றைத் திறத்தார், அன்பின் மிகுதியால் எல்லாவற்றையுந் தாமே செய்வோர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பொருளுதவியும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைத்தற்பொருட்டு ஏற்பட்டது. இன்று அது பெற்றோர் தம்முள்ளே செய்யும் போராயிற்று. பத்து வயதுப் பாலகன் விடியுமுன் ஒரு வகுப்புக்கும், பாடசாலை விட்டபின் ரியூசன் என்று வழங்கும் மற்றொரு வகுப்புக்கும் கொண்டுசெல்லப்படுகின்றான். இரவிலே தந்தையார் கணக்கைச் செய்கின்றார். தாயார் சித்திரத்தை வரைகின்றார். பிள்ளை நித்திரை மயக்கத்தோடு அருகிருந்து பார்க்கின்றான். பெறுபேறு வெளிவரும் நாளிலே, "எங்களுக்கு இத்தனை புள்ளி" என்று பெற்றோர் சொல்லுதலை யாம் கேட்டிருக்கின்றோம். "எங்களுக்கு" என்னும் அவ்வொரு சொல்லே நோய் முழுவதையுங் காட்டுகின்றது.

இவ்விரு திறத்தாரும் தம்முள் மாறுபட்டவர் போலத் தோன்றினும் ஒரு பிழையையே செய்கின்றனர். முன்னவர் கல்வியை ஆசிரியர் கையிலுள்ள பொருளாகக் கருதுகின்றனர். பின்னவர் அதனைத் தங் கையிலுள்ள பொருளாகக் கருதுகின்றனர். கற்பது ஓர் உயிர் என்பதை இருவரும் மறந்தனர்.

உயிர் அறிவுடைய பொருளென்பதும், அறிவிக்க அறியும் இயல்பினதென்பதும் சைவசித்தாந்தத் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் ஞாயிற்றின் ஒளியின்றி அது காணமாட்டாது. ஒளி எத்துணை மிகுந்ததாயினும் கண்ணிருக்கவேண்டிய இடத்திலே தான் இருந்து காணமாட்டாது. முதல்வன் உயிர்களுக்குச் செய்யும் உதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக வகுத்துப் பெரியோர் உரைப்பர். பொருளைக் காட்டுதல் ஒன்று. உயிரோடு உடனாய் நின்று காணுதல் மற்றொன்று. அங்ஙனம் உடனாய் நிற்கும்போதும் உயிரை இல்லையாக்கித் தான் அதனிடத்தைக் கொள்வதில்லை. எல்லாம் வல்ல இறைவனே உயிரின் இடத்தை உயிருக்கு விட்டிருக்க, சிற்றறிவினராகிய நாம் பிள்ளையின் இடத்தைக் கவர்ந்துகொள்ளுதல் தகுமா? ஆகவே, பெற்றோர் செய்யத்தகும் உதவியும் இரண்டே. காட்டுதல் ஒன்று, உடனிருந்து காணுதல் ஒன்று. பிள்ளைக்குப் பதிலாகத் தாமே காணுதல் உபகாரமன்று. அன்பின் வேடம் பூண்டு வருதலினால் அதனை அபகாரமென்று அறிதல் அரிதாகின்றது.

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருடைய பிதாவாகிய சிவபாதவிருதயரை இவ்விடத்திலே நினைத்தல் நன்று. சீகாழித் திருக்குளக் கரையிலே குழந்தை கண்ட காட்சியைப் பிதா கண்டிலர். யார் தந்த பாலை உண்டாய் என்று வினாவினர் மாத்திரமே. அதன்பின் பிள்ளையார் தலங்கள்தோறும் செல்லுங்கால், முத்துச் சிவிகை அருளப்படும் வரையும், அவரைத் தந் தோளின்மேற் சுமந்து சென்றனர் எனப் பெரியபுராணங் கூறும். அருட்செயலை உலகியலுக்கு அளவாகக் கொள்ளுதல் கூடாது. எனினும் வினாவுதலும் சுமத்தலும் எந்தத் தந்தைக்கும் கூடுவனவே. வழி நடந்தவர் பிதா; பதிகம் பாடியவர் பிள்ளையார். பிதா அப்பதிகத்தைத் தாம் பாடித் தரப் புகுந்திலர்.

அற்றேல், மகனை அவையத்திலே முற்பட்டிருக்கச் செய்தல் தந்தையின் கடனென்று திருவள்ளுவ நாயனார் கூறினாரன்றோ, பரீட்சையிலே முதன்மை பெறுவித்தல் அதன்பாற்படாதோ எனின், படாதென்க. அங்கே சொல்லப்பட்டது கற்றோர் கூடிய அவை. அவ்வவையிலே மகன் எழுந்து தானே பேசவேண்டும். தந்தை உடன்சென்று அவனுக்காகப் பேசுதல் இயலாது. தந்தையார் செய்த கணக்கினாலும், மனனஞ் செய்வித்த விடைகளினாலும் பெற்ற புள்ளி அவ்வவையின் வாயிலிலேயே உதிர்ந்துபோம்.

இனி, எம்மிடத்து நிகழ்ந்த குற்றம் ஒன்றையும் மறையாது கூறுகின்றோம். பல வருடங்களுக்கு முன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "எமது ஊர்க் குளம்" என்னும் பொருள்பற்றிப் பத்து வசனம் வீட்டிலிருந்து எழுதிவரும்படி பணித்தோம். மறுநாள் வந்த கொப்பிகளுள் ஒன்று அச்சிட்டாற் போன்றிருந்தது. இயற்கை வனப்பு, நீர்வளம், முன்னோர் பெருமை என்னும் அழகிய சொற்களெல்லாம் அதனிடத்து இருந்தன. மற்றொன்றிலே எழுத்துக்கள் கோணலாயிருந்தன. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன. அதனுள்ளே, "குளத்தில் தண்ணி வத்தினால் எங்கட கிணறும் வத்தும் எண்டு அம்மா சொன்னா" என்று ஒரு வசனம் இருந்தது. யாம் முன்னையதை வகுப்பிலே வாசித்துப் புகழ்ந்தோம். பின்னையதைச் சிவப்பு மையினால் நிரப்பி, ஐந்து புள்ளி இட்டு, "கவனமின்மை" என்று எழுதி அனுப்பினோம்.

சில நாட்களின்பின் அக்குளக்கரை வழியாகப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, முதற் சிறுவனை நோக்கி, நீ எழுதிய குளத்தைப்பற்றிச் சொல் என்றோம். அவன் தலைகுனிந்து, "நான் இண்டைக்குத்தான் சேர் பாக்கிறன்" என்றான். மற்றைச் சிறுவனோ, நீர் சென்ற மாரியில் எந்தக் கல் வரையும் ஏறியதென்றும், எந்த மாதத்திலே தங்கள் கிணற்றில் உவர் தட்டுமென்றும் சொல்லிக்கொண்டு நடந்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே குளங்களிற் றங்கும் மாரிநீர் ஊறியிறங்கியே கிணறுகளை நிறைக்கின்றது. ஆற்றுநீர் இல்லாத குடாநாட்டுக்கு அதுவே உயிர். நிலநூல் கற்றவர் எழுதும் இவ்வுண்மையை எழுத்தறியாத ஒரு தாய் மகனுக்குக் காட்டியிருந்தார். அவன் அதைத் தானே கண்டு, தன் கையால் எழுதியிருந்தான். நாமோ காட்சியைத் தள்ளி மையைப் பார்த்தோம். அத்தாய் அந்தக் கொப்பியைப் பார்த்து, தாம் சொன்னதனாலேதான் மகனுக்குப் புள்ளி குறைந்ததென்று எண்ணி, அன்று முதல் அவனது பாடத்தைப்பற்றி வாய்திறவாதிருந்தார் என்று பின்னர் அறிந்து மிக வருந்தினோம். ஒரு வீட்டிலே எரிந்த விளக்கை அணைத்தவர் யாமே.

ஆகலான், எழுத்தறியாத பெற்றோர் பிள்ளையின் கல்விக்கு உதவமாட்டார் என்னும் எண்ணத்தை முதற்கண் நாம் நீக்கவேண்டும். அவர் செய்யத்தக்கவை பல. அவற்றுட் சிலவற்றைக் கூறுவாம்.

முதலாவது, வாசிக்கக் கேட்டல். எமது கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழும் முறையை அறியாதார் யார்? ஒருவர் வாசிப்பார், ஒருவர் பயன் சொல்லுவார், எழுத்தறியாதாரும் இருந்து கேட்டு, கதையையும் தருமத்தையும் ஐயமற அறிந்திருந்தனர். மாலையில் விளக்கேற்றித் தேவாரம் ஓதியபின், அடுப்படியாயினுந் திண்ணையாயினும் பிள்ளை தன் பாடத்தை உரத்து வாசிக்க, தாயாரோ அம்மம்மாவோ கேட்டு, "அதுக்கு என்ன பயன்?" என்று வினாவுக. பிள்ளை தன் சொல்லாற் சொல்லுக. விளங்காததைச் சொல்லப் புகுந்தவன், தனக்கு விளங்காமையைத் தானே அறிவான். இதற்குக் கால்மணி நேரம் போதும். யாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையைச் சார்ந்த குடும்பங்கள் பலவற்றில் மாலைதோறும் தங்கள் வேதத்தை ஒருவர் வாசிக்க ஏனையோர் இருந்து கேட்டதைக் கண்டோம். அவ்வழக்கத்தைக் கண்டு பொறாமையுற்ற எமக்கு, அதனினும் விரிந்ததொன்று எமது கோயில் மண்டபத்திலேயே இருந்தமை அக்காலத்தில் தோன்றாதுபோயிற்று.

இரண்டாவது, தொழிலிடத்துக் காட்டுதல். தோட்டத்திலே வெங்காயப் பாத்தியை எண்ணுவித்தல், சந்தையிலே நிறையையும் விலையையும் கூட்டுவித்தல், கடலிற் காற்று மாறுவதை நோக்குவித்தல் என்னும் இவையெல்லாம் பாடமே. கணக்கும் சுற்றாடலும் புத்தகத்திற் பிறந்தன அல்ல.

மூன்றாவது, ஒழுங்கு. நேரத்தில் நித்திரை, காலையில் உணவு, இருந்து எழுத ஓரிடம், விளையாட ஒரு பொழுது ஆகியவற்றை ஆசிரியர் கொடுத்தல் இயலாது. பிள்ளை கற்கும் வேளையிலே கைத்தொலைபேசியை விலக்கச் சொல்லும் தந்தையார் தமதையும் விலக்குவாராக. பிள்ளைகள் சொல்லைச் செவியாற் கேட்பர். செயலைக் கண்ணாற் கற்பர்.

நான்காவது, பிழையைப் பொறுத்தல். பிள்ளை செய்த பிழை பிழையாகவே பாடசாலைக்கு வருக. வைத்தியரிடத்துச் செல்லுமுன் நோயை மறைப்பார் உளரோ? வீட்டிலே திருத்தி அனுப்பப்பட்ட கொப்பி ஆசிரியரை ஏமாற்றுவது மாத்திரமன்று. பெற்றோர் உடன்பட்டால் பொய்யும் நன்றென்று அப்பிள்ளைக்குக் கற்பித்தும் விடுகின்றது. கணக்கிலே தவறியதைப் பின்னர்த் திருத்தலாம். இத்தவற்றை எளிதிற் றிருத்தல் அரிது.

பெற்றோருக்குச் சொல்லிய நாம் நம்மையும் நோக்கவேண்டும். பிள்ளை தனியே செய்ய மாட்டாத வீட்டுவேலையைப் பணித்தால், பெற்றோரைப் பொய்க்குத் தூண்டினவர் நாமே. வகுப்பிலே கற்பிக்க வேண்டியதை மாலையிலே பணங்கொண்டு அப்பிள்ளைகளுக்கே கற்பிப்போமாயின், பெற்றோரைக் குறைகூற நமக்கு வாயில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய் ஒருவர், கூலிவேலையை ஒரு நாள் விட்டு வந்திருப்பார். யுத்தத்திலே கணவரை இழந்தவராயிருப்பார். வாயிலிலே ஒதுங்கி நிற்பார். அவரை இருக்கச் செய்து, அவர் பிள்ளையிடத்து நாம் கண்ட நன்மை ஒன்றை முன்னர்ச் சொல்லி, குறையைப் பின்னர்ச் சொல்லுக. "உங்களுக்குத் தெரியாது" என்னும் சொல்லை நம் வாயினின்றும் அகற்றுக.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, பிள்ளைகளின்பொருட்டுப் பாலபாடங்களையும் எழுதியளித்தார்கள். அவர்கள் காட்டிய வழியிலே பின்னர் ஊர்தோறும் எழுந்த சைவப் பாடசாலைகளுக்கு அக்காலத்தில் நிறைந்த பொருள் இருந்ததில்லை. அவற்றுட் பல பிடியரிசியால் நடந்தன. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையிலே போட்டு வைத்த தாய்மாருட் பெரும்பாலார் கையெழுத்து வையாதவர். 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவிநன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின்பாற் சென்றன. 1980 முதற் பாடநூல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், பிடியரிசியோடு பாடசாலை நம்முடையது என்னும் எண்ணமும் வீடுகளினின்று நீங்கிற்று.

அவ்வரிசி இன்று வேண்டுவதில்லை. ஒவ்வொரு நாளினின்றும் ஒரு பிடி பொழுதே வேண்டும். அதனை ஏழையுங் கொடுத்தல் கூடும். எழுத்தறியாதாருங் கொடுத்தல் கூடும். ஏடு தொடக்கிய அரிசித் தட்டிலே பிடித்த விரலை விட்டபின், அக்கை செய்யவேண்டிய தொண்டு இதுவே. விட்ட கையோடு எழுந்து போகாமல், அருகிருந்து பிள்ளை தானே எழுதும் கோணல் எழுத்தைக் கண்டு மகிழ்தல் வேண்டும். வருகின்ற தவணையின் முதற் கூட்டத்திலேயே சைவ ஆசிரியர் ஒவ்வொருவரும் இதனைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வாராக. சிவபெருமான் திருவருள் துணைநிற்க.