ஒரு வாளித் தண்ணீர்

புதுவைக்கு வருகிறவர்கள் கடற்கரையைப் பார்த்த கையோடு தவறாமல் போகும் இடம் பாரதி பூங்கா. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆயி மண்டபம். புதுவை அரசின் முத்திரையில் இருப்பதும் இதே மண்டபம்தான். இதன் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்களோ!

ஊரார் சொல்லும் கதை இது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509 முதல் 1529 வரை) இப்பக்கம் வந்தபோது, மாலை நேரத்தில் விளக்குகளால் ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கண்டு, கோயில் என்று எண்ணி வணங்கிவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று அருகிலிருந்தவர்கள் சொன்னதும், அவமானம் தாங்காமல் அதை இடித்துத் தள்ள உத்தரவிட்டாராம். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: “என் வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் மக்களுக்கு ஒரு குளம் வெட்ட அனுமதி வேண்டும்.” அப்படி வெட்டப்பட்டதுதான் முத்திரப்பாளையத்து ஆயி குளம் என்கிறார்கள். பின்னர், மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சுப் பேரரசராக இருந்த காலத்தில் (1852 - 1870), நல்ல தண்ணீருக்குத் தவித்த கடலோர நகரத்துக்கு முத்திரப்பாளையத்திலிருந்துதான் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்ததே இம்மண்டபம்.

கதையில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு கற்பனை என்று ஆராய்வது நம் வேலையல்ல. முத்திரப்பாளையத்துத் தண்ணீர் நகரத்தின் தாகம் தீர்த்தது உண்மை. அந்த நன்றிக்கு ஓர் அரசனின் பெயரைச் சூட்டாமல், ஊர் முகம் சுளித்த ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டியிருக்கிறார்களே, நம்மை நிற்க வைத்தது அதுதான்.

“ஆலிம்ஷா, தாசியின் கதை நம் பத்திரிகையில் எதற்கு?” என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். இதைவிட வியப்பான ஒரு வரலாற்றை அண்ணல் நபி (ஸல்) அவர்களே தம் தோழர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களே! பனூ இஸ்ராயீல் சமூகத்தில் ஒழுக்கம் கெட்ட ஒருத்தி. கடும் வெயிலில், தாகத்தால் நாக்குத் தொங்க ஒரு கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்த நாயைக் காண்கிறாள். வாளியில்லை, கயிறில்லை. காலிலிருந்த காலணியைக் கழற்றி, அதில் நீர் முகந்து நாய்க்குப் புகட்டுகிறாள். அதன் பொருட்டு அவள் மன்னிக்கப்பட்டாள் என்று அருளினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவான செய்தி இது. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு கொடுக்காமல், அது தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியும் அதே கிரந்தங்களில் உண்டு.

ஆயியின் மறுமை பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அது அல்லாஹ்வின் கையில் உள்ளது. நம் கேள்வி வேறு. ஒரு வாய்த் தண்ணீருக்கு இத்தனை கனம் எங்கிருந்து வந்தது? வாழ்நாள் பாவம் ஒரு தட்டில், ஒரு காலணித் தண்ணீர் மறு தட்டில். தராசு எப்படிச் சாய்ந்தது?

நம் அறிஞர்கள் இதை ஆழ்ந்து யோசித்திருக்கிறார்கள். அவளைப் பார்த்துப் பாராட்ட அங்கே மனிதர் ஒருவரும் இல்லை. நாய் நன்றி சொல்லப் போவதில்லை, கைம்மாறும் செய்யாது. உதவிக்கு ஆளில்லை, முகக்கப் பாத்திரமில்லை. அத்தனை சிரமத்தையும் அவள் ஏற்றது இரக்கத்துக்காக மட்டுமே. முகஸ்துதி நுழைய ஓர் ஊசிமுனை இடமும் அந்தச் செயலில் இல்லை. எடை தண்ணீரில் இல்லை, இக்லாஸில் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் பாவம் செய்துவிட்டு நாய்க்குத் தண்ணீர் வைத்தால் போதும்” என்று கணக்குப் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் அது வியாபாரமாகிவிட்டிருக்கும்.

திருமறையின் 107ஆவது அத்தியாயம் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். ஏழே வசனங்கள். தீர்ப்பு நாளைப் பொய்யாக்குகிறவனைக் காட்டித் தொடங்கி, அநாதையை விரட்டுவதைச் சொல்லி, பிறகு தொழுகையாளிகள் பக்கம் திரும்புகிறது. தொழுகையில் அலட்சியம், பிறர் பார்க்கச் செய்வது, கடைசியாக ‘மாஊனை’த் தடுப்பது. அந்த ஒரு சொல்லே அத்தியாயத்தின் பெயராகவும் அமைந்தது. ஜகாத் என்று அதற்குப் பொருள் கொண்ட ஸஹாபாக்களும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, மக்கள் தங்களுக்குள் இரவல் கொடுத்துக்கொள்ளும் வாளி, சட்டி, கோடரி போன்றவையே அவை என்றார்கள். மத்ரஸாவில் இந்தப் பாடம் நடந்த அன்று, நம் உஸ்தாத் கிதாபை மூடிவிட்டுக் கேட்டார்: “மலையை ஒத்த குற்றங்களின் பட்டியலில் ஒரு வாளிக்கு என்ன வேலை, சொல்லுங்கள் பார்ப்போம்?” எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. அவரும் பதில் சொல்லாமலே எழுந்து போய்விட்டார்.

இத்தனை ஆண்டுகள் கழித்து நமக்குத் தோன்றுவது இது. ஆயிரம் ரூபாய் கேட்டு இல்லையென்றால், நம்மிடம் இல்லாமலே இருக்கலாம். அதற்குச் சாக்கு உண்டு. வாளியை மறுப்பதற்கு என்ன சாக்கு இருக்கிறது? கொடுத்தால் குறையாது, மாலையில் திரும்பி வந்துவிடும். அதையும் மறுக்கிற கையைத் தடுப்பது வறுமையாக இருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் இறக்கையில் பெயர் எழுதலாம். (டியூப் லைட்டில் பெயர் எழுதி, வெளிச்சத்தையே மறைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.) இரவல் கொடுத்த ஏணியில் யார் பெயர் எழுதுவார்? அண்டை வீட்டுக்குக் கொடுத்த கிண்ணம் கறிவேப்பிலைக் குழம்புக்கு வாட்ஸ்அப்பில் யார் படம் போடுவார்? ஆகவே முகஸ்துதியைச் சொன்ன கையோடு மாஊனைச் சொன்னதில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது. பார்வையாளர் இல்லாத இடத்தில்தான் மனிதன் எடைபோடப்படுகிறான்.

தாய்மார்களே, இந்த அறத்தில் உங்கள் பங்குதான் பெரிது. அண்டை வீட்டுக்காரி கொடுப்பது ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அற்பமாக எண்ணாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களை அழைத்தே சொன்னார்கள். குழம்பு காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். குழம்பு நீர்த்துப்போனால் ருசி குறையும்தான். ஆனாலும் நீர்க்கச் சொன்னார்கள்! ரமளானில் தூக்குவாளியோடு வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எந்த மதம் என்று கேட்காமல் நோன்புக் கஞ்சி ஊற்றும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. அந்தக் கை மற்ற பதினொரு மாதமும் ஏன் மடங்கிக்கொள்கிறது?

ஒரு கிளாஸ் தண்ணீர் ஜகாத்துக்கு ஈடாகாது, வேலையாளின் கூலி பாக்கியையும் தீர்க்காது. இதைச் சொல்லாமல் விட்டால் நமக்குக் குற்றம்.

பழைய புதுவை வீடுகளை நாம் நேசிப்பதற்குக் காரணம் உண்டு. வாசலில் திண்ணை, அதற்கும் முன்னே, தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டைக் கட்டும்போதே அந்நியனுக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இப்போது கட்டுகிற வீடுகளில் அந்த இடத்தில் இரும்புக் கேட் நிற்கிறது.

நம் வீட்டிலும் கேட்தான். சென்ற சித்திரையில், ஜும்ஆ பயானுக்காக ஸதகாவின் சிறப்புகளைக் குறித்துக்கொண்டிருந்தோம். நடுப்பகல். பொட்டலம் கொண்டுவந்த இளைஞர் கேட்டுக்கு வெளியே நின்று, “பாய், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?” என்றார். எழுதும் வேகம் கலைந்த எரிச்சலில், “கேன் தீர்ந்துவிட்டது தம்பி” என்று சொல்லிவிட்டோம். அவர், “பரவாயில்லை பாய்” என்று வண்டியைக் கிளப்பினார். ஆறு வயது மகன் உள்ளிருந்து வந்து, “கேன் பாதி இருக்கே அத்தா?” என்றான். தண்ணீரை மறுத்ததோடு பொய்யும் சேர்ந்துவிட்டது. அதற்கு நம் பிள்ளையே சாட்சி! செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை ஓடினோம். வண்டி போய்விட்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வேறு தலைப்பில் பேசினோம். ஸதகாவைப் பற்றிப் பேச நா எழவில்லை.

மறுநாள் மண்பானை ஒன்று வாங்கி, கேட்டுக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்து, மேலே தட்டும் டம்ளரும் வைத்தோம். தண்ணீர் ஊற்றுவது மகனின் பொறுப்பு. மூன்றாம் நாள் டம்ளரைக் காணவில்லை. “சங்கிலி போட்டுக் கட்டிவிடலாமா?” என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் காலத்துத் தண்ணீர்ப் பந்தல்களிலும் டம்ளரைச் சங்கிலியில் கட்டித்தான் வைத்திருப்பார்கள்; தவறென்று சொல்ல முடியாது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அஸருக்குப் பிறகு கடைக்குப் போய் டம்ளர்கள் அரை டஜன் வாங்கி வந்தோம். இதுவரை நான்கு போயிருக்கின்றன.