தோள் கொடுத்தலும் பொருள் கொடுத்தலும்

கொடை என்றவுடன் தமிழ் நெஞ்சம் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், புலவனுக்குத் தன் தலையையே தர முன்வந்த குமணனையும் நினைத்துக்கொள்ளும். ஊக்கம் என்றவுடன் நினைவுக்கு வருவது வேறோர் உலகம். வள்ளுவப் பெருந்தகையும் ஈகையை இல்லறவியலில் வைத்தார். ஊக்கமுடைமையைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். ஒன்று வீட்டுத் திண்ணையில் நிகழ்வது. மற்றொன்று வினைக்களத்தில் வேண்டப்படுவது. ஆயினும் அவரே இனியவை கூறல் என்னும் அதிகாரத்தில், மனமுவந்து கொடுப்பதைக் காட்டிலும் முகமலர்ந்து இன்சொல் கூறுதல் நன்று என்று ஒரு தராசை நம் முன் நிறுத்திவிடுகிறார். பொருள் கொடுத்தல் பெரிதா, பிறரது உள்ளம் எழும்படி தோள் கொடுத்தல் பெரிதா? இரண்டும் ஓர் அறத்தின் இரு முகங்களோ, ஒன்றின்றி மற்றொன்று நிற்கவல்லதோ? கிறிஸ்தவத் திருச்சபையின் அன்றாட வாழ்வில் இவ்வினா ஏட்டு வினாவாக நிற்பதில்லை. காணிக்கைத் தட்டு கைமாறும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது எழுகின்றது.

ஐதராபாத்தின் பேகம்பேட்டில் அமர்ந்து இதனைச் சிந்திப்பதற்கு நமக்குச் சில தனிக் காரணங்கள் உண்டு. சென்னைப் படையோடும் அதன் பணியாட்களோடும் நம் முன்னோரிற் சிலர் இந்நிலத்திற்கு வந்தனர். செகந்தராபாத்தில் இன்றளவும் தமிழில் ஆராதனை நடைபெறுவது அவ்வரவின் தொடர்ச்சியேயாகும். இதே பேகம்பேட்டில் இன்றும் நிற்கும் பழைய கட்டடம் ஒன்றில், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியின் தடத்தைக் கண்டார் ரொனால்டு ராஸ். அதற்கு முன் அவர் சோர்ந்துபோன நாட்கள் பல. இலண்டனிலிருந்து பாட்ரிக் மான்சன் விடாது எழுதிய கடிதங்களே அவரை அந்த உருப்பெருக்கியின் முன் மீண்டும் மீண்டும் உட்காரச் செய்தன. மறுபுறம், கொசுக்கடிக்குத் தன் உடலைக் கொடுத்த நோயாளி உசேன் கான், கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் எட்டணா பெற்றார். ஒருவர் தந்தது ஊக்கம். மற்றவர் தந்தது குருதி. ராசுக்கு 1902-இல் நோபல் பரிசு வந்தது. மான்சனின் பெயர் நூல்களில் நின்றது. உசேன் கானின் பெயர் அடிக்குறிப்பில் நின்றது. எது கொடை, எது கூலி என்று பிரித்தறிவது அத்துணை எளிதன்று என்பதற்காகவே இதனை ஈண்டுக் குறித்தோம்.

திருமறையில் இவ்விரு பண்புகளும் ஒரே மனிதரிடத்தில் கூடியிருப்பதைக் காண்கிறோம். சைப்பிரசுத் தீவினனாகிய லேவியன் ஒருவன்; யோசேப்பு என்பது இயற்பெயர். அப்போஸ்தலர் அவனுக்கு இட்ட பெயர் பர்னபா. அப்பெயரின் பொருளை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஆறுதல் என்ற சொல்லால் சுட்டிற்று. பிற்காலத்து மொழிபெயர்ப்பு ஊக்கம் என்ற சொல்லால் சுட்டுகிறது. மூலமாகிய கிரேக்கச் சொல் இரண்டையும் தாங்கும். ஒருவனைத் தன் பக்கத்தில் வா என்று அழைப்பதே அதன் வேர்ப்பொருள். துயருற்றவனைப் பக்கத்தில் அழைத்தால் ஆறுதல்; தயங்கி நிற்பவனைப் பக்கத்தில் அழைத்தால் ஊக்கம். தமிழ் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்திருப்பதை அம்மொழி ஒன்றாகவே வைத்திருக்கிறது.

பர்னபாவைப் பற்றி நாம் முதலில் அறியும் செய்தி, அவர் தம் நிலத்தை விற்று அந்தப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார் என்பது. அடுத்த அதிகாரத்திலேயே நிலம் விற்ற வேறிருவர் வருகின்றனர்: அனனியாவும் சப்பீராளும். விலையில் ஒரு பங்கை ஒளித்துக்கொண்டு, முழுதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டனர். வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். ஆகவே குற்றம் குறைவாகக் கொடுத்ததில் இல்லை. பர்னபாவுக்குக் கிடைத்த பெயரைப் பர்னபாவின் விலை கொடாமல் வாங்க முயன்றதில்தான் இருந்தது. கொடையின் நிழலிலேயே போலிக் கொடையும் முளைக்கும் என்பதை அந்நூலாசிரியர் மறைக்கவில்லை.

எனினும், பர்னபாவின் பெருங்கொடை அந்த நிலமன்று என்பது எம் கருத்து. திருச்சபையைத் துன்புறுத்திவந்த சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, ஒருவரும் அவரை நம்பவில்லை. உளவு பார்க்க வந்தானோ என்று அஞ்சினர். அப்போது அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இவருக்கு நான் பொறுப்பு என்று நின்றவர் பர்னபா. நிலத்தை விற்றவன் இழப்பது நிலம். ஒருவனுக்காகச் சான்று சொல்பவன் பணயமாக வைப்பது தன் பெயரை. சவுல் பொய்யனாக இருந்திருப்பின் பர்னபாவுக்கு எருசலேமில் முகம் ஏது? ஊக்கம் என்பது காசு செலவில்லாத கொடை என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். மேடையில் நாலு நல்ல வார்த்தை சொல்லுதல் செலவில்லாததுதான். அது முகத்துதியோடு உறவுடையது. தன் நற்பெயரை ஈடு வைத்துப் பிறனை நிமிர்த்துதல் செலவுள்ளது. முகத்துதி, ஏற்கெனவே உயர்ந்து நிற்பவனை நாடிச் செல்லும். ஊக்கம், எவரும் அண்டாதவனை நாடிச் செல்லும்.

இனி நம் அண்டையிலுள்ள வரலாற்றுக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில், பனையும் செம்மணல் தேரியும் சூழ்ந்த வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னையில் பயின்று, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராய்த் தென்னாடெங்கும் சுற்றியவர். 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் அருட்பணி நடத்துவதைக் கண்டார். அயலார் பணத்தால் கோயில் கட்டி, அயலார் பணத்தால் உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்துவந்த தம் ஊர் அவர் நினைவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றிற்று. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அச்சங்கம் தேர்ந்த களம், நிசாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல். 1909-இல் அசரியாவே அங்குக் குடிபெயர்ந்து, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்கத் தொடங்கினார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிடேகம் பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

அந்த அபிடேகம் இனிது நடந்துவிடவில்லை. எதிர்ப்பு அயல்நாட்டு ஊழியரிடமிருந்தும் வந்தது, நம்மவரிடமிருந்தும் வந்தது. ஓர் இந்தியருக்குக் கீழ் வெள்ளையர் பணிபுரிவதா என்பது ஒரு சாராரின் ஐயம். அவருக்காக வாதிட்டு நின்றவர் சென்னைப் பேராயர் என்றி வைட்ஹெட். தம் பொறுப்பிலிருந்த நிலப்பகுதியைப் பிரித்துக் கொடுத்தே அவர் அதனைச் செய்தார். எருசலேமில் பர்னபா செய்ததை நாம் மீண்டும் ஒருமுறை சென்னையில் காண்கிறோம். மறுக்கப்படும் ஒருவனுக்காகத் தன் பெயரை முன்வைத்தல் இது. அதனோடு தன் ஆளுகையில் ஒரு பங்கையும் விட்டுக்கொடுத்தல்.

இதற்கு ஈராண்டு முன்னர், 1910-இல், எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. அயல்நாட்டு ஊழியர் தம் உடைமையையும் உடலையும் இந்தியாவுக்குக் கொடுத்ததை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆயினும் இன்னும் வந்து சேராத ஒன்று உண்டென்று சொல்லி, நட்பைக் கேட்டார். அவையிற் சிலர் சினமுற்றனர். பள்ளி கொடுத்தோம், மருத்துவமனை கொடுத்தோம், உயிரையும் கொடுத்தோம், இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவர்தம் மனநிலை. நம் வினாவின் மையம் இங்கேதான் இருக்கிறது. கொடுத்தவர் மேலேயே நின்று கொடுத்தால், பெற்றவர் வளரமாட்டார்; கொடை பெருகப் பெருகக் கைகள் நீண்டவாறே இருக்கும். ஒரே பாயில் உடன் உட்காருதல், சமமாய்ப் பேசுதல், நீ செய்வாய் என்று நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தல் ஆகிய இவை இல்லாத கொடை, கொடுத்தவரையே பெரிதாக்கும்.

அவ்வாறு உரைத்தவர் தம் மறைமாவட்டத்தில் என் செய்தார்? தோர்ணக்கல் சபையின் மக்களிற் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்று ஒதுக்கப்பட்ட நிலமற்ற உழைப்பாளிகள். தலைமுறை தலைமுறையாய்க் கடனில் கட்டுண்டவர் பலர். அவர்களிடம் அசரியா காணிக்கை கேட்டார்! காசில்லாதவர் தானியம் கொண்டுவந்தனர், கோழி கொண்டுவந்தனர், பெண்கள் உலையில் அரிசியிடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். பிடியரிசி நம் திருநெல்வேலிக்குப் புதிதன்று. வடகிழக்கில் மிசோரத்துப் பெண்களும் 1910-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவ்வழக்கத்தை இன்றுவரை பேணி வருகின்றனர். ஈகையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல், அவர் மறைவுக்குப் பின் 1950-களில் மறுபதிப்பாகிப் பிற நாட்டுச் சபைகளுக்கும் சென்றது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். உண்ணவே போதாதவன் உலையிலிருந்து ஒரு பிடியை எடுக்கச் சொல்வது அறமாகுமா? தட்சணையின் பெயராலும் தசமபாகத்தின் பெயராலும் ஏழையைக் கறந்த சமயங்களின் கதை நமக்குத் தெரியாததா? இம்மறுப்பை எளிதில் தள்ளுதல் நேர்மையாகாது. ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் புகழ்ந்த அதே நற்செய்தி, அதற்குச் சற்று முன்னர், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைக் கடிந்திருக்கிறது. அவ்விரு பகுதிகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும். கேட்பவர் யார், கேட்ட பொருள் எங்கே போயிற்று என்பதே இங்கு அளவுகோல். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தை எடுத்துச் செல்லும்போது, எவரும் ஐயுறாதபடி, சபைகள் தேர்ந்த ஆளையும் உடனழைத்துக்கொண்டார் பவுல். தணிக்கையும் ஒரு பக்திச் செயலே.

ஆயினும் அசரியாவின் பக்கமே நம் மனம் சாய்கிறது. நீ ஏழை, உன்னிடம் ஏதுமில்லை என்று அதுவரை அந்த மக்களிடம் சொல்லிவந்தவர் அவர்களை ஒடுக்கியவரே. இரக்கத்தினால் அதையே ஒருவர் திருப்பிச் சொன்னாலும் சொல் மாறிவிடாது. உன் பிடியரிசியும் வேண்டும், அது இல்லாமல் இந்தச் சபை நிறையாது என்ற சொல் அவர்கள் வாழ்வில் புதியது. வாங்கும் கையாக மட்டுமே இருந்தது, கொடுக்கும் கையும் ஆயிற்று. இவ்விடத்தில் கொடை கேட்பதே ஊக்கமளித்தலாக மாறுகிறது. இதனைத் தர்க்கத்தால் நிறுவ இயலுமோ என்னவோ, தோர்ணக்கலின் வரலாறு காட்டுகிறது. அச்சபையின் எண்ணிக்கை இலட்சத்தைக் கடந்து வளர்ந்தது. 1939-இல் அபிடேகம் பெற்ற தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் குவிமாடங்களின் சாயலும் சேர்ந்து நிற்கின்றன. இரவல் கோபுரம் அங்கே எழவில்லை. ஏதும் அற்றவராக எண்ணப்பட்ட மக்கள் அதனைத் தம் கோயில் என்றனர்.

நம் சபைகளின் நிலை என்ன? அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போவதைக் கண்டு மகிழ்கிறோம், அம்மகிழ்ச்சியில் குற்றமில்லை. ஆனால் அதைத் தன் கொல்லையில் வளர்த்துச் சுமந்துவந்த மூதாட்டியின் பெயர் ஏலம் எடுத்தவரின் பெயரோடு ஒலிபெருக்கியில் ஒலிப்பதில்லை. மின்விசிறியின் இறக்கையில் கொடையாளர் பெயர் சுற்றுகிறது. குழல்விளக்கில் பெயர் வெளிச்சத்தையே மறைக்கிறது. திருநெல்வேலியின் அசனம் இவ்வகையில் மேலானது. அரிசி தந்தவர் எவர், விறகு தந்தவர் எவர் என்பது பந்தியில் அமர்ந்தபின் எவருக்கும் நினைவில்லை. கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே இலையின் முன் உட்காருகின்றனர். வேலை தேடி ஊர்விட்டு ஐதராபாத்துக்கு வந்து, ஆராதனை முடிந்ததும் எவரோடும் பேசாமல் வாயிற்படியில் நிற்கும் இளைஞன் ஒருவனுக்கு, காணிக்கைப் பணத்திலிருந்து உதவித்தொகை கொடுக்கக்கூடும். அவனை வீட்டுக்கு அழைத்துச் சோறிட்டு, தெரிந்த இடத்தில் இவனுக்கு நான் பொறுப்பு என்று சொல்பவர் எத்தனை பேர்? ஆண்டறிக்கையின் எந்தப் பத்தியிலும் அதற்கு வரி இல்லை.

பர்னபாவுக்கு மீண்டும் வருவோம். அவர் வாழ்வில் இன்னொரு பகுதி உண்டு. சவுலைத் தர்சுவிலிருந்து தேடி அழைத்துவந்து அந்தியோகியாவில் உடன் பணிசெய்ய வைத்தவர் அவரே. பஞ்சகால உதவியை எருசலேமுக்கு எடுத்துச் சென்றபோதும் பர்னபாவும் சவுலும் என்றே நூல் சொல்கிறது. சில அதிகாரங்கள் கழித்துப் பவுலும் பர்னபாவும் என்று வரிசை மாறிவிடுகிறது. தான் ஊக்கியவன் தன்னைவிட வளர்வதைப் பொறுத்தல் கொடைகளிலெல்லாம் அரிதானது. பொருளை இழந்தவர் பலருக்கு முதலிடத்தை இழக்க மனம் வருவதில்லை. பின்னர், முதற்பயணத்தில் பாதியிலே விட்டுச் சென்ற மாற்கை மறுபடியும் அழைத்துச் செல்வதா என்று இருவருக்கும் கடும் பூசல் எழுந்தது. கூடாது என்றார் பவுல். ஒருகாலத்தில் எவராலும் நம்பப்படாது நின்று, பர்னபாவால் கைப்பிடித்து அழைக்கப்பட்டவர் அவர்! பர்னபா அதைச் சொல்லிக்காட்டியதாக நூலில் இல்லை. பல்லாண்டு கழித்துப் பவுலின் பெயரால் அமைந்த கடிதம் ஒன்று, மாற்கு பணிக்குப் பயனுள்ளவன், அவனை அழைத்து வா என்று கேட்கிறது; இரண்டாம் நற்செய்தியை எழுதியவர் அவரே என்பது சபையின் மரபு. ஆனால் பூசலின்போது இவை எவர்க்கும் தெரியா. பவுல் சீலாவோடு சீரியாவழியே நடந்தார். பர்னபா மாற்கை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். அப்போஸ்தலர் நடபடிகளில் அவரைப் பற்றிய செய்தி அத்துடன் நின்றுவிடுகிறது.