கோபுரம் வரை கேமரா!

சாரல் காலத்தில் ஆலங்குளத்திலிருந்து குற்றாலம் போகும் வழியில், தென்காசி காசி விஸ்வநாதரைத் தரிசிக்கச் சென்றோம். பராக்கிரம பாண்டியன் 1446-ல் எழுப்பத் தொடங்கிய ஆலயம். சிதைந்து கிடந்த ராஜகோபுரம், ஒன்பது நிலைகளோடு 1990-ல் மீண்டும் எழுந்தது. கையடக்க கேமராவில் கோபுரத்தையும் சிற்பங்களையும் சலிக்காமல் படம் எடுத்தேன்.

வீட்டில், படுக்கையில் இருக்கும் மாமியாரிடம் காட்டினேன். கோபுரத்தைக் கண்டதும் கைகூப்பியவர், ''உலகம்மனுக்கு இன்னிக்கு என்ன கலர் சேலைம்மா?'' என்றார். எனக்குத் தெரியவில்லை! சந்நிதியில் நின்றபோதும் என் மனசு அடுத்த படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

அப்படியானால், படம் எடுப்பது தவறா? இல்லை. வர முடியாத அத்தைக்கு அதுவும் தரிசனம்தானே! ஆனால், இந்தக் கோயிலைக் காப்பவர்களின் பாதம் பணிவதாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான் பாண்டிய மன்னன். காப்பது என்றால் திருப்பணி மட்டுமா? சந்நிதியின் அமைதியைக் கெடுக்காமல், மனதை அங்கேயே வைப்பதும்தான். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், ஆலயத்தின் புனிதம் காக்கத்தான்.

கோபுரம் வரை கேமரா. சந்நிதியில் கண்கள் போதும். அடுத்த முறை, சேலையின் நிறத்தை அத்தையிடம் நானே முதலில் சொல்வேன்!