95 சதவீதமும் தலையெழுத்தும்

'எக்ஸ்கொம்' என்ற கணினி ஆட்டத்தை விளையாடியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வேற்றுக்கிரகவாசி முகத்துக்கு நேரே நிற்கிறான். சுட்டால் படும் வாய்ப்பு 95 சதவீதம் என்கிறது திரை. வீரன் துப்பாக்கியை அவன் நெஞ்சில் முட்டாத குறையாக நீட்டிச் சுடுகிறான். குண்டு எங்கோ போகிறது. அடுத்த முறை வேற்றுக்கிரகவாசியுடையது. வீரன் செத்துப்போகிறான்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய கணினிக்கு முன்னால் இருக்கிற பெடியன் அப்போது என்ன சொல்வான்? "இருபதில் ஒன்று தவறத்தானே செய்யும்" என்று சொல்ல மாட்டான். "இது வேணுமெண்டே செய்யுது" என்பான்.

கணக்கு அவன் பக்கம் இல்லை. 95 சதவீத வாய்ப்போடு 14 தரம் சுட்டால் ஒரு தரமாவது தவறுவதற்கான சாத்தியம் பாதியைத் தாண்டிவிடும். ஒரே களத்தில் 14 தரம் சுடுவது பெரிய விடயமும் அல்ல. ஆனால் அவன் முறைப்பாடு கணக்கைப் பற்றியதே அல்ல. எண்களுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார், அவருக்குத் தன்மேல் கோபம் என்கிறான். ஊழ், கன்மம், திருவருள் என்று சமயங்கள் காலங்காலமாக விசாரித்து வரும் வழக்குத்தான் இது.

விளையாட்டை ஆக்குபவர்களுக்கு இந்தக் கோபம் நன்றாகத் தெரியும். 'சிவிலைசேஷன்' தொடரின் சிட் மெயர் 2010இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆற்றிய உரையில் இதைத்தான் விளக்கினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு மோதித் தோற்றவர் அதை ஏற்பதேயில்லை. அதே விகிதத்தில் பலவீனமாக இருந்து தற்செயலாக வென்றால் மட்டும் அது தன் கெட்டித்தனம் என்பார். ஆகவே எண்களை மெல்ல வளைத்தார்கள். 'ஃபயர் எம்பிளம்' 2002ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து பலவற்றில் ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறது. திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் ஏறத்தாழ 98. 10 என்று காட்டினால் வெறும் 2. 'எக்ஸ்கொம் 2' இலகுவான நிலைகளில், அடுத்தடுத்துத் தவறவிடுபவருக்கு வாய்ப்பைச் சத்தமில்லாமல் கூட்டிக் கொடுக்கிறது. கேட்காமலே கிடைக்கிற அருள்! 2003இல் வந்த 'வெஸ்னொத்' அந்தத் தயவைக் காட்டாது. அங்கே மந்திரத் தாக்குதலுக்கு எப்போதும் 70 சதவீதம். மந்திரவாதி மூன்று தரம் எறிந்தால் மூன்றும் படுவது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். நேர்மையான பகடை எது என்று கேட்டால் வெஸ்னொத் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் "ஏமாற்று" என்ற திட்டையும் அதுவே வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

தாயம் ஆடிய வீடுகளில் இது பழைய கதை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகங்கள். உருட்டினால் 16 வகை விழலாம். காய் இறங்கத் தேவையான தாயம், அதாவது மொத்தம் 1, அவற்றில் இரண்டு வகைதான்: எட்டில் ஒன்று. பத்துத் தரம் உருட்டியும் காய் இறங்காமல் இருப்பது நான்கில் ஒருவருக்கு நடக்கும். அந்த நாலாவது ஆள்தான் கட்டையை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, குலதெய்வத்தைக் கூப்பிடுவார்.

இதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் பதிலில் தற்செயலுக்கு இடமே இல்லை. இப்பிறவியில் நுகர வேண்டியது பிராரத்தம். அதன் பயனை உரியவரிடம் தவறாமல் சேர்ப்பவர் சிவன். ஆசீவகர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் பேசுகிறவர்களில் ஆசீவகனும் ஒருவன். அவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலரின் கொள்கையைப் பௌத்தரின் சாமஞ்ஞபல சுத்தம் ஒரு நூலுருண்டையாகக் காட்டுகிறது: எறிந்த உருண்டை, நூல் தீருமட்டும் தானாகப் பிரிந்து ஓடும், யார் முயன்றும் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

கணினியின் பகடை கோசாலருக்குப் பிடித்திருக்கும். அது உருட்டுவதே இல்லை. தொடக்கத்தில் ஓர் எண்ணை வைத்து, அதிலிருந்து வாய்பாட்டின்படி அடுத்தடுத்த எண்களைப் பெருக்கிக்கொண்டே போகிறது. 2012ஆம் ஆண்டின் எக்ஸ்கொம் அந்தத் தொடக்கத்தையும் சேர்த்தே சேமித்து வைக்கும். ஆகவே பழைய நிலைக்குத் திரும்பிப்போய் அதே சூட்டைச் சுட்டால், அதே குண்டு அதே மாதிரித் தவறும். ஆனால் வேறொரு வீரனை முதலில் சுடவிட்டால் அந்தத் தவறு அவன் தலையில் விழும்; அடுத்தவன் அடுத்த எண்ணைப் பெறுவான். எழுதியது எழுதியபடியே இருக்கிறது, யார் அதை வாங்குவது என்பது மட்டும் ஆடுபவர் கையில். திருக்குறளில் ஊழ் அதிகாரம் ஊழை விட வலியது எதுவுமில்லை என்று முடிய, ஆள்வினையுடைமை அந்த ஊழையும் புறங்காணலாம் என்று முடிவதை முரண் என்பவர்கள் இதை ஒரு தரம் விளையாடிப் பார்க்கலாம்.

பாரதத்தின் வனபருவத்தில் வரும் நளன் கதை இதை இன்னும் கூர்மையாகப் பிடிக்கிறது. கலி புகுந்ததால் சூதில் நாடிழந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகிறான். வழியில் ஒரு தான்றி மரம். பழைய சூதாட்டக் காய்களே அந்த மரத்தின் கொட்டைகள்தான். மன்னன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கிளைகளிலும் 2,095 கனிகள் என்கிறான். நளன் நம்பவில்லை, தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரி. அந்த வித்தையை அவன் கற்றுக்கொண்ட கணத்தில் கலி நஞ்சைக் கக்கிக்கொண்டு வெளியேறுகிறான். சதியென்று தெரிந்த ஒன்றை எண்ணத் தெரிந்த அறிவு விரட்டுகிறது. நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் 1975இல் இந்தக் கதையை எடுத்துப் பேசியது சும்மா அல்ல.

கொழும்பிலோ விதி, தற்செயல் இரண்டையும் ஒரே சீட்டில் வாங்கலாம். அபிவிருத்தி லொத்தர் சபையின் 'லக்ன வாசனா' சீட்டில் எண்களோடு ஓர் இராசியும் இருக்கும். சோதிடம் ஒரு பக்கம், குருட்டுக் குலுக்கல் மறுபக்கம்.

லொத்தரில் இந்தக் குழப்பத்தால் போவது சில்லறைக் காசு. வேறு இடங்களில் அப்படியில்லை. 1983 ஜூலை 25 அன்று, தமிழருக்கு எதிரான வன்முறையில், வெள்ளவத்தையில் ஒரு வீடு எரிய, பக்கத்து வீடு தப்பியதற்கு "எங்கட விதி" என்ற விளக்கம் அந்தத் தலைமுறையிடம் இன்றும் உண்டு. துயரத்தைத் தாங்க அது உதவியிருக்கும். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. இடாப்பைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறவன் பகடை உருட்டவில்லை. வெள்ளவத்தைப் பெடியனின் "வேணுமெண்டே செய்யுது" கணினியைப் பற்றிச் சொன்னால் பிழை, அந்த நாட்களைப் பற்றிச் சொன்னால் சரி.

கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களும் மெழுகுதிரியோடு போவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே குண்டு வெடித்தது. தப்பியவர்கள் அந்தோனியார் காத்தார் என்றால், பலியானவர்களை அவர் ஏன் காக்கவில்லை என்ற கேள்வி உடனே எழும். தற்செயல் என்று விட்டுவிடலாமா? யார் எந்த வாங்கில் இருந்தார், யார் பூசைக்குப் பிந்தினார் என்பவை தற்செயல்தான். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற உளவுத் தகவல் முன்கூட்டியே கொழும்புக்கு வந்திருந்தது தற்செயல் அல்ல. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் அதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள். தகவல் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. பொலிஸ், பாதுகாப்புத் துறைகளின் முன்னாள் உயரதிகாரிகளுக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தொகை விதிக்கப்பட்டது.