வேடமும் மெய்ப்பொருளும்

சைவ சித்தாந்தத்தின் முதல் நூலாகிய சிவஞானபோதம், தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில், அடியாரின் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கருதி வழிபடப் பணிக்கிறது. வேடம் என்பது திருநீறு, கண்டிகை, சடைமுடி முதலிய புற அடையாளங்களின் தொகுதி. பொய்யரும் பூணக்கூடிய அவ்வடையாளத்தை மெய்யெனக் கொள்வது அறிவுடைமையாகுமா என்ற வினா இங்கே எழுகிறது. இந்நூலை அருளிய மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூருக்கு அண்மையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், அவர் காலத்துக்கு முன்பே அவ்வினா ஓர் அரசனின் உயிரைப் பலிகொண்டது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரிடம் போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், நீறு பூசி, சடை புனைந்து, சுவடிக் கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தான். வாயிலோர் வேடத்தைக் கண்டு வழிவிட, உள்வாயிலில் நின்ற தத்தன் மட்டும் காலமறிந்து செல்லுமாறு தடுத்தும், அவன் கேளாது உட்சென்றான். ஆகமம் உரைப்பதாகச் சொல்லி அரசனைக் கீழே அமர்த்திக் குத்தினான். வஞ்சகம் வெளிப்பட்ட பின்னும் அரசர் வேடத்தைத் தொழுதார். வாளெடுத்த தத்தனைத் தடுத்து, பகைவனை ஊறின்றி நகரெல்லை கடத்திவிடச் சொன்னார்.

அடையாளத்தை நம்பியே வாழவேண்டிய இந்நிலை மனிதருக்கு மட்டும் உரியதன்று; உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் அது நிகழ்கிறது. மரபணுவில் பொதிந்த செய்தி தூது ஆர்.என்.ஏ. என்னும் இழையாகப் படியெடுக்கப்பட்டு, ரைபோசோமில் புரதமாக ஆக்கப்படுகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றது, இந்த ரைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்காகவே. ஆனால் எந்தத் தூது வெட்டி ஒட்டப்பட வேண்டும், எது நெடுநாள் நிலைக்க வேண்டும், எது உடனே சிதைய வேண்டும் என்பவற்றை, ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் முடிவு செய்கின்றன; மனித உடலில் இத்தகையவை 1,500க்கும் மேல் உள்ளன. ஒரே புரதம் பற்றும் இடத்துக்கேற்ப எதிரெதிர் விளைவுகளையும் தரும்: இரும்பு குறையும்போது இரும்பொழுங்குப் புரதம், இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினுக்கான தூதின் முன்பகுதியைப் பற்றி அதன் உற்பத்தியைத் தடுக்கிறது, இரும்பை உள்ளே கொணரும் ஏற்பிக்கான தூதின் பின்பகுதியைப் பற்றி அதைச் சிதையாமல் காக்கிறது.

இவ்வமைப்பில் உயிரணு தன் தூதுகளின் முன்முனையில் ‘தொப்பி’ எனப்படும் வேதி அடையாளத்தைச் சூட்டுகிறது. அதைப் பற்றும் புரதம் ரைபோசோமை அழைத்துவர, தொப்பியற்று மூன்று பாஸ்பேட்டுகளோடு வரும் அயல் ஆர்.என்.ஏ.வை ரிக்-ஐ என்ற காவற்புரதம் அடையாளங்கண்டு எச்சரிக்கை எழுப்புகிறது. தொப்பி இருந்தும் அதற்கு அடுத்துள்ள முதல் அலகில் மெத்தில் குறி இல்லையெனில், ஐஃபிட்1 என்ற புரதம் அத்தூதைப் பற்றி முடக்குகிறது. இத்தனை காவலையும் வைரஸ் வேடத்தாலேயே கடக்கிறது: கொரோனா வைரசும் டெங்கு வைரசும் தம் நொதிகளால் தொப்பியையும் மெத்தில் குறியையும் தாமே ஆக்கிக்கொள்ள, இன்ஃப்ளூயன்சா வைரசோ உயிரணுவின் தூதுகளிலிருந்து தொப்பியை அறுத்தெடுத்துச் சூடிக்கொள்கிறது. மேற்கு நைல் வைரசில் அந்த மெத்தில் குறியிடும் திறனை நீக்கியபோது அது வலுவிழந்ததை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பகைவன் அணிவதால் அடையாளத்தையே கைவிடலாமா எனில், தொப்பியை நம்ப மறுக்கும் உயிரணு தன் புரதங்களைப் பெறாது மடியும். ஐயம் எல்லை மீறினாலும் அழிவே. தன் இரட்டையிழை ஆர்.என்.ஏ.வில் ‘இது நம்முடையது’ என்று காட்டும் மாற்றங்களைச் செய்யும் ஏடார்1 என்ற புரதம் பழுதுபட்டால், காவற்புரதங்கள் சொந்தத் தூதுகளையே பகையெனக் கொள்ள, குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஐகார்டி-கூட்டியேர் நோய் தோன்றுகிறது. எனவே போலி வேடம் உண்டு என்பது, வேடம் பொருளற்றது என்பதற்குச் சான்றாகாது; மெய்யான அடையாளத்துக்கு மதிப்பு இருப்பதனாலேயே போலி அதை நாடுகிறது.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. உயிரணு ஏமாறும்போது அறியாமல் ஏமாறுகிறது. நாயனாரோ, கத்தியைக் கண்ட பின்னரும் அறிந்தே வேடத்தைப் போற்றினார். அவர் தொழுதது முத்தநாதனை அன்று. அவன் பூண்ட திருநீறு குறித்து நின்ற பரம்பொருளையே தொழுதார். ஆதலால் உயிரியல் அவருடைய செயலை நியாயப்படுத்தவும் இயலாது, மறுக்கவும் இயலாது. அரசனின் உயிர் குடிகளுக்கும் உரியதன்றோ என்ற மறுப்பு வலிமையுடையதே. அதற்கு விடையாகப் புராணம் தருவது, இறுதி வேளையில் அவர் அரசுச் சுற்றத்தாருக்கும் உறவினருக்கும் திருநீற்றன்பைக் காக்குமாறு உரைத்த அறிவுரை மட்டுமே. அது நம்பிக்கையின் தொடர்ச்சிக்கு வழிசெய்ததே அன்றி, நாட்டின் காவலுக்கு வழிசெய்ததாகாது.

ஆகவே இரு கடமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். அடையாளத்தை நம்பித் தன் உயிரைத் தருவது அடியார்க்கு அறமாகலாம். பிறர் உயிரைக் காக்கும் பொறுப்புடையவர்க்கோ, வேடத்தை மதிப்பதோடு வந்தவரின் செயலை ஆராய்வதும் அறமாகும். திருக்கோவிலூர்க் கதையில் மெய்ப்பொருளாரைப் போற்றுவோர், தத்தனின் ஐயத்தையும் பிழையெனக் கொள்ளலாகாது.