இயன்ற அளவு

சென்னையின் மேற்கே அம்பத்தூரைக் கடந்து ஆவடிக்குள் நுழைவோர், படைத்துறைத் தொழிலகங்களின் நீண்ட மதில்களைக் காணாதிருக்க முடியாது. அம்மதில்களுக்குள்ளேதான் 1965 இல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. அர்ஜுன் டாங்கி வடிவம் பெற்றதும் ஆவடியிலேயே. பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. தேஜஸ் போர் விமானத்தின் துணைக் கருவிகளை இயக்கும் பற்சக்கரப் பெட்டியும் ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் படைப்பேயாகும். ஆகவே, போர் விமானத்தின் விலை நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று.

அந்த விலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தேஜஸ் திட்டம் 1983 இல் தொடங்கியபோது ஒதுக்கப்பட்ட தொகை 560 கோடி ரூபாய். 2021 இல் 83 தேஜஸ் விமானங்களுக்குச் செய்யப்பட்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 48,000 கோடி. 2016 இல் பிரான்சிடம் 36 ரஃபேல் விமானங்களை வாங்கச் செய்த ஒப்பந்தமோ, ஆயுதங்களும் பராமரிப்பும் உட்பட, ஏறத்தாழ 59,000 கோடி. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவும் இச்சுமையால் திணறுகிறது. எஃப்-35 விமானத் திட்டம் தன் ஆயுள் முழுவதும் விழுங்கப்போவது 2 இலட்சம் கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2024 இல் கணக்கிட்டது. விலை இவ்வாறே ஏறினால், 2054 இல் அமெரிக்கப் பாதுகாப்பு நிதி முழுவதையும் கொட்டினாலும் ஒரே ஒரு விமானந்தான் வாங்க முடியும் என்று நார்மன் அகஸ்டின் என்னும் விமானத்துறை வல்லுநர் 1980களிலேயே வேடிக்கையாக எழுதினார். அவ்வேடிக்கையில் பொதிந்திருந்த எச்சரிக்கையை உலகம் இப்போதுதான் உணர்கிறது.

இங்கே இறைநம்பிக்கையாளரின் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. பகையை எதிர்கொள்ள இயன்ற அளவு வலிமையை ஆயத்தம் செய்யுமாறு திருமறையின் அன்ஃபால் அத்தியாயம் பணிக்கிறது. போர்க்குதிரைகளையும் அது குறிப்பிடுகிறது. அன்றைய குதிரையே இன்றைய விமானம் எனக் கொள்ளலாம். அதே மார்க்கம் ‘இஸ்ராஃப்’ எனும் வீண்விரயத்தையும் கண்டிக்கிறது. ஓடும் ஆற்றின் கரையில் ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கலாகாது என்று கற்ற சமுதாயம் நம்முடையது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது?

விமானமே வேண்டாம் என்பது எளிய விடை. ஆனால் நேரிய விடையன்று. 1963 இல் நம் விமானப் படையில் சேர்ந்த மிக்-21 வகை விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்றுதான் ஓய்வு பெற்றன. பழையனவற்றையே நெடுங்காலம் பறக்கவிட்டது சிக்கனமாகுமா? அவற்றோடு வீழ்ந்து மாண்ட இளம் விமானிகளின் தாய்மாரிடம் அக்கணக்கை எவரே காட்ட இயலும்? உயிரைச் செலவிட்டுப் பணத்தைச் சேமிப்பதும் விரயமே.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. மகளின் திருமணத்துக்கெனக் கடன்பட்டு நகை வாங்குகிறோம். விலை மிகுதியால் அதை அணியவும் அஞ்சி, வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறோம். நகை நமக்கு அழகு சேர்ப்பது போய், நகைக்கு நாம் காவலராகிறோம். இழக்கவே இயலாத விலையில் வாங்கிய ஆயுதமும் அத்தகையதே. 2025 ஜூன் முதல் நாளன்று உக்ரைன், சரக்கு வண்டிகளில் மறைத்துக் கொண்டுசென்ற 117 சிறு டிரோன்களை ஏவி, ரஷ்ய விமானத் தளங்களில் நின்ற பெரும் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கியது. மலிவான கருவிகள், மதிப்பு மிக்க விமானங்களைத் தரையிலேயே எரித்தன.

இது நமக்குப் புதிய பாடமா? ஹிஜ்ரி 5 இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட படை மதீனாவைச் சூழ வந்தபோது, ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் யோசனைப்படி அகழ் தோண்டப்பட்டது. அரபகம் அறிந்திராத அந்த உத்திக்கு வேண்டியிருந்தவை மண்வெட்டியும் உழைப்பும் ஒற்றுமையுமே. பெருமானார் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். பசியையும் தோழர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். பகைவரின் குதிரைப்படை அகழின் மறுகரையில் செயலற்று நின்றது.

அகழ் ஒன்றே போதும் என்பதன்று இதன் கருத்து. ‘இயன்ற அளவு’ என்னும் சொல் ஆணையாகவும் இருக்கிறது, எல்லையாகவும் இருக்கிறது என்பதே. இயன்றதைச் செய்யாதிருப்பது குற்றம். குடிகளின் கல்வியையும் மருந்தையும் விலையாகக் கொடுத்து இயலாததை வாங்குவதும் குற்றம். இயலும் அளவைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அறிவும் தீர்மானிக்கிறது. தேஜஸுக்கென 1989 இல் தொடங்கிய காவேரி எஞ்சின் அவ்விமானத்தில் ஏறவில்லை. அமெரிக்க எஞ்சின்கள் வந்து சேரத் தாமதமானதால், 2024 மார்ச்சில் தொடங்கவேண்டிய புதிய தேஜஸ் ஒப்படைப்பும் தள்ளிப்போயிற்று. குதிரை நம்முடையது, கடிவாளம் பிறர் கையில்! ஆய்வுக்கூடத்தில் பொறுமையோடு செலவிடும் பணம் விரயமன்று. அதைத் தவிர்த்தமையால் பிற்காலத்தில் கொடுக்க நேரும் விலையே விரயம்.

பொதுப்பணம் ஓர் அமானத். அரசு எதை வாங்கினாலும், ‘இதனால் எவர் காக்கப்படுகிறார்? இதற்காக எவர் எதை இழக்கிறார்?’ என்று கேட்பது குடிமகனின் உரிமை. நம்மைப் பொறுத்தவரை கடமையும்கூட. ஆவடி மதில்களுக்கு வெளியே பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளைக் காப்பதற்காகவே அம்மதில்கள் எழுந்தன. வாங்கும் ஒவ்வோர் ஆயுதத்தையும் அப்பிள்ளைகளை முன்னிறுத்தி எடைபோடும் தெளிவை, ஆள்வோர்க்கும் நமக்கும் அல்லாஹ் அருள்வானாக!